பெட்டிக்குள் பதினேழு மில்லிமீட்டர்

இரவு ஒன்பதரைக்கு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கார்டு உள்ள போக மாட்டேங்குது." குரலில் அழுகை இல்லை. அழுகைக்கு ஒரு படி முன்னால் நின்றது.

பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கடையில் கோர்த்துத் தரும் கணினி வேண்டாம், முதல் டெஸ்க்டாப்பை நானே கோர்ப்பேன் என்று ஆறு மாதமாகப் பிடிவாதம். பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றையும் பெண் பார்க்கிற மாதிரி அலசி எடுத்தான். கடைசியில் மிஞ்சியது கேபினெட். அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, நரசிங்கபுரம் தெரு வரை நான்கைந்து கடை ஏறி இறங்கி, முன்பக்கம் மூன்று விசிறி வண்ண வண்ணமாய்ச் சுழல்கிற ஒன்றைக் கண்ணால் பார்த்தே வாங்கிவிட்டான். "எல்லாம் உக்காரும் தம்பி" என்றாராம் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியில் 'கிராபிக்ஸ் கார்டு 330 மி.மீ. வரை' என்றே அச்சிட்டிருந்தது. பையனின் கார்டு 322 மி.மீ. கணக்குப்படி 8 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும்.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். 330 என்பது வெறும் பெட்டியின் அளவு. உள்ளே முன்பக்கமாக மாட்டியிருந்த விசிறிகள் ஒவ்வொன்றும் 25 மி.மீ. தடிமன். ஆக, கார்டுக்கு உண்மையில் கிடைப்பது 305 மி.மீ. பதினேழு மில்லிமீட்டர் போதவில்லை. ஒரு சுண்டுவிரல் அகலம்.

பையனுக்கு ஆற்றாமை. "மதர்போர்டு மட்டும் அளக்காமலே கச்சிதமா உக்காந்துச்சே மாமா, அது எப்படி?" நல்ல கேள்வி. தைவானில் ஒரு நிறுவனம் செய்த போர்டு, வேறெங்கோ யாரோ மடித்த தகரப் பெட்டி. இருவரும் முகம் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் ஒன்பது திருகுகளும் ஒன்பது துளைகளில் நேராக இறங்குகின்றன. இறங்கியதற்கும் இறங்காததற்கும் காரணம் ஒன்றே: முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு வரைபடம்.

1984இல் ஐபிஎம் தன் ஏடி கணினியை வெளியிட்டது. அதைப் பார்த்து உலகமே நகல் செய்ததால் அதன் போர்டு அளவும் திருகுத் துளைகளும் எழுதப்படாத சட்டமாகிவிட்டன. அந்தக் காலப் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டியவர்களுக்குச் சில நினைவுகள் மறக்காது. கணினியின் முன்பக்கப் பொத்தானுக்கு நேரே வீட்டு மின்சாரமே 230 வோல்ட்டில் வந்து நிற்கும். போர்டுக்கு மின்சாரம் தருவது ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செருகிகள். மாற்றிச் செருகினால் போர்டு காலி. 'கறுப்போட கறுப்பு' என்பதுதான் அன்றைய மெக்கானிக்குகளின் மந்திரம்: இரண்டு செருகிகளின் கறுப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும்.

1995இல் இன்டெல் இதையெல்லாம் ஒழுங்கு செய்து ஏடிஎக்ஸ் என்ற தரநிலையை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் அதன்படி போர்டு செய்யலாம், பெட்டி செய்யலாம், மின்வழங்கி செய்யலாம். போர்டு 305க்கு 244 மி.மீ. துளைகள் எங்கெங்கே என்பது புள்ளி பிசகாமல் குறிக்கப்பட்டது. பின்பக்கம் யுஎஸ்பி, ஆடியோ செருகும் இடங்களுக்காக ஏறக்குறைய 159க்கு 44 மி.மீ. செவ்வகத் திறப்பு ஒன்று. கார்டுகளுக்கான ஸ்லாட்டுகள் ஒன்றுக்கொன்று 20.32 மி.மீ. இடைவெளியில். மின்வழங்கிக்கு, நம் ஊரில் எல்லோரும் சொல்லும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். செருகியும் ஒன்றாகிவிட்டது, திருப்பிப் போட முடியாது.

பிறகு சின்னப் போர்டுகள் வந்தன. 1997இல் மைக்ரோ ஏடிஎக்ஸ், 244க்கு 244. 2001இல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ், வெறும் 170க்கு 170. இங்கேதான் வரைந்தவர்களின் கெட்டிக்காரத்தனம். சின்னப் போர்டுக்கு எல்லாத் துளைகளையும் புதிதாக வகுக்காமல், பெரும்பாலானவற்றைப் பெரிய போர்டின் துளைகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பின்பக்கத் திறப்பு இருக்கும் மூலையை எல்லாப் போர்டுகளுக்கும் பொது மூலையாக வைத்தார்கள். அம்மா காலத்து அடுக்குப் பாத்திரம் மாதிரி: பெரியதற்குள் சின்னது போகும், சின்னதற்குள் பெரியது போகாது. ஏடிஎக்ஸ் பெட்டியில் மூன்று போர்டுமே உட்காரும். மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டியில் இரண்டு. மினி ஐடிஎக்ஸ் பெட்டியில் அது மட்டும்.

ஒரே ஒரு கவனம். போர்டைத் தகரத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கப் பித்தளையில் குட்டிக் கால்கள் உண்டு. பெட்டியில் ஏற்கெனவே ஒன்பது கால் திருகியிருக்கும். உங்கள் போர்டில் எட்டுத் துளைதான் என்றால் ஒன்பதாவது கால் போர்டின் அடிவயிற்றில் போய் முட்டும். அங்கே ஏதாவது சாலிடர் முனை இருந்தால் ஷார்ட். போர்டை வைக்கும் முன் துளைகளை எண்ணி, வேண்டாத காலைக் கழற்றிவிட வேண்டும்.

ஏடிஎக்ஸ் ஒரு நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் எழுதியவர்கள் 1995இன் மேசையைப் பார்த்து எழுதினார்கள். அன்றைய பென்டியம் சிப் ஒன்று எரித்த மின்சாரம் பதினைந்து வாட்டை ஒட்டியே இருந்தது. படம் காட்டும் கார்டு என்பது உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு. அதற்குத் தனி வயரும் இல்லை, பெரும்பாலும் விசிறியும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறியே வெளிக்காற்றை உள்ளிழுத்துப் பிராசஸர் மேல் வீசினால் போதும் என்றுகூட முதல் வடிவத்தில் நினைத்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டையும் சேர்த்து வீசுகிறதே என்று உணர்ந்து பிறகு திசையைத் திருப்பினார்கள். இன்றைக்கு 450 வாட் குடிக்கும் கார்டு கடையில் கிடைக்கிறது. நம்ம ஊர் மிக்சியின் பசி.

ஆகவே முதன்முதலாகக் கணினி கோர்ப்பவர் அடிபடுவது அந்த வரைபடத்துக்குள் இருப்பதில் இல்லை. அது எழுதப்பட்ட பிறகு வளர்ந்தவற்றில்தான். கார்டின் நீளம், கூலரின் உயரம், ரேடியேட்டரின் இடம். இந்த மூன்றையும் ஏடிஎக்ஸ் என்ற முத்திரை காப்பாற்றாது. டேப்தான் காப்பாற்றும்.

கார்டின் நீளத்துக்கு விதியே இல்லாமல் இல்லை. பிசிஐ காலத்திலிருந்தே முழுநீளக் கார்டு என்றால் 312 மி.மீ. என்று ஓர் எல்லை உண்டு. அதை இப்போது பலர் மதிப்பதில்லை. என்விடியா 2022இல் விட்ட ஆர்டிஎக்ஸ் 4090இன் சொந்தப் பதிப்பு 304 மி.மீ.; அதே சிப்பை வைத்து மற்ற நிறுவனங்கள் செய்தவை 340, 350 என்று போய்விட்டன. நீண்டது சிப் அல்ல, பச்சைத் தகடும் அல்ல; சூட்டை இறக்கும் அலுமினியத் தகடுகளும் விசிறிகளும். பல கார்டுகளைக் கழற்றிப் பார்த்தால் மின்சுற்றுப் பலகை முக்கால்வாசியிலேயே முடிந்துவிடும். மிச்சமெல்லாம் சூட்டுக்குக் கட்டும் வாடகை.

நீளம் போக, தடிமனும் உண்டு. 'மூன்று ஸ்லாட் கார்டு' என்றால் 20.32ஐ மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், 61 மி.மீ. ஏடிஎக்ஸ் பெட்டியில் ஏழு ஸ்லாட் இருப்பதால் கவலையில்லை. மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டியில் நான்குதான். அதன் அடியில் எஸ்எம்பிஎஸ்ஸை மூடும் தகடும் இருந்தால் கார்டின் விசிறி அதை உரசாத குறையாக நிற்கும். உட்காரும், ஆனால் மூச்சு விடாது. கார்டின் அகலத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. போர்டிலிருந்து பக்கக் கண்ணாடியை நோக்கி நீட்டும் அளவு அது. பெரிய கார்டுகளில் 130, 140 மி.மீ. அந்த விளிம்பில்தான் மின்வயர் செருகுகிறது. செருகியபின் வயர் வளைய இன்னும் மூன்று நான்கு சென்டிமீட்டர் வேண்டும். பெட்டி ஒல்லியாக இருந்தால் கண்ணாடியை மூடும்போது வயரை அது அழுத்தும். 2022 அக்டோபரில் புதுவகை 12 வோல்ட் செருகிகள் உருகிய படங்கள் உலகெங்கும் பரவின. செருகி முழுதாக உள்ளே போகாததே முக்கியக் காரணம் என்றது என்விடியா. செருகியின் கழுத்திலேயே வயரை மடித்து, கண்ணாடியால் வேறு அழுத்தினால் அது நேராக உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கூலரின் உயரமும் இதே ஒல்லிப் பிரச்சினைதான். கோபுரம் மாதிரி நிற்கும் காற்றுக் கூலர்கள் 155, 160 மி.மீ. உயரம். நாக்டுவாவின் பிரபலமான என்எச்-டி15 165 மி.மீ. போர்டு பெட்டியில் செங்குத்தாக நிற்பதால் கூலரின் உயரம் பெட்டியின் அகலத்தைத்தான் தின்னும். போர்டுக்குப் பின்னால் வயர்கள் ஓட ஓர் இரண்டு சென்டிமீட்டர், பித்தளைக் கால், போர்டு, சாக்கெட் என்று கழித்துக்கொண்டே வந்தால், வெளியகலம் 210 மி.மீ. உள்ள பெட்டியில் சுமார் 160 மிஞ்சும். 'சுமார்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள்; பெட்டியின் விவரத்தாளில் 'கூலர் உயரம்' என்று தனி எண் இருக்கும். அந்த எண்ணுக்கும் கூலருக்கும் நடுவில் ஐந்து மி.மீ. மிச்சம் வையுங்கள். ஏஎம்டி பிராசஸர்கள் சிலவற்றுடன் இலவசமாக வரும் குட்டைக் கூலர் 54 மி.மீ.தான். அதை வைத்தே ஓட்டப் போகிறவருக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

ரேடியேட்டர் விஷயத்தில் பெயரே ஏமாற்று. 240 என்பது அதன் நீளம் அல்ல, மேலே மாட்டும் இரண்டு 120 மி.மீ. விசிறிகளின் கூட்டுத்தொகை. இரு முனையிலும் தண்ணீர்த் தொட்டி சேர்ந்து உண்மை நீளம் ஏறத்தாழ 277 மி.மீ. 360 என்றால் 400ஐ நெருங்கும். தடிமன் 27, விசிறி 25, ஆக 52 மி.மீ. அதைப் பெட்டியின் கூரையில் தொங்கவிட்டால் உயரமான ராம் குச்சிகளின் தலையில் இடிக்கலாம். முன்பக்கம் வைத்தால் கார்டின் நீளத்தில் 52 போய்விடும். பையனுக்கு விசிறியால் 25 போனதற்கே இந்தப் பாடு.

மற்றவை சுருக்கமாக. எஸ்எம்பிஎஸ்ஸின் அகலமும் உயரமும்தான் நிலையானவை, நீளம் 140இலிருந்து 180 வரை எதுவும் இருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க் கூண்டு பக்கத்தில் இருந்தால் வயர் திரும்ப இடமிருக்காது. மினி ஐடிஎக்ஸ் பெட்டிகள் பலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்ற குட்டி எஸ்எம்பிஎஸ் வேண்டும், 125க்கு 63.5க்கு 100 மி.மீ., விலை கூடுதல். கேபினெட்டோடு சேர்த்தே விற்கும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இலவசமாகத் தரும் பாராசூட் அது. பெட்டியின் முகப்பில் டைப்-சி துளை இருந்தால் அதன் வயரைச் செருகப் போர்டில் தனி இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் அந்தத் துளை வெறும் அழகு. வயர்களை எல்லாம் போர்டின் முதுகில் செருகும் புதுவகைப் போர்டுகளும் இப்போது வருகின்றன. அவற்றுக்குத் தகட்டில் அதற்கேற்ற திறப்புகள் வெட்டிய பெட்டி வேண்டும். சாதாரணப் பெட்டியில் மாட்டவே முடியாது.

ரிச்சி தெருவுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். இரும்பு கனமாக, பார்க்கவும் உறுதியாக இருக்கும். அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துப் புதுப் போர்டு போடலாமே என்று தோன்றும். பெருநிறுவனங்கள் அலுவலகத்துக்குச் செய்யும் கணினிகள் பலவற்றில் துளைகளும் செருகிகளும் அவரவர் சொந்த அளவு. முகப்புப் பொத்தானின் வயர்கூட வேறு போர்டில் பொருந்தாது. தரநிலை என்பது விருப்பமுள்ளவர் கடைப்பிடிக்கும் விரதம்தான், கட்டாயம் ஏதுமில்லை.

அளவெல்லாம் பொருந்திவிட்டாலும் பெட்டி பொருந்திவிட்டதாகச் சொல்ல முடியாது. உள்ளே வந்து போக வேண்டிய இன்னொருவர் இருக்கிறார்: காற்று. விசிறி எத்தனை என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள், எவ்வளவு காற்று வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பள்ளி இயற்பியல் போதும்.

விளையாட்டு ஓடும்போது பையனின் கணினி எரிப்பது 400 வாட் என்று வைத்துக்கொள்வோம். கணினி எந்தப் பாரத்தையும் தூக்குவதில்லை, எங்கும் நகர்வதில்லை. எரித்த மின்சாரம் அநேகமாக முழுவதும் சூடாகத்தான் முடியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் விடும் சூடு சுமார் 100 வாட். ஆக, அந்தச் சின்னப் பெட்டிக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 1000 ஜூல் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிலோ. பெட்டிக்குள் வரும் காற்று அறையைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், 400ஐ இந்த எண்களால் வகுக்க, நொடிக்குச் சுமார் 35 லிட்டர் காற்று வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு நொடியும், விளையாடி முடிக்கும் வரை.

விசிறி விற்பவர்கள் இதை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று சொல்வார்கள். நம் 35 லிட்டர் அந்தக் கணக்கில் சுமார் 74. ஒரு 120 மி.மீ. விசிறியின் அட்டையில் 50, 60 என்று போட்டிருக்கும். அது திறந்தவெளியில் அளந்த எண். வலையும் தூசுத் தடுப்பும் வயர்க்கற்றையும் குறுக்கே நின்றால் பாதிதான் தேறும் என்று வைப்பது பாதுகாப்பு. முன்னே இரண்டு விசிறி இழுத்தால் 56. காற்றின் சூடு அப்போது 13 டிகிரி ஏறும். ஒரே விசிறி என்றால் 26 டிகிரி. சென்னையில் மே மாதப் பிற்பகல் அறையே 35இல் இருக்கும், பெட்டிக்குள் 61. அந்தக் காற்றைக் கொண்டுதான் கார்டு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். குளிர்நாட்டு ஆள் 20 டிகிரி அறையில் சோதித்து 'அருமையான பெட்டி' என்று எழுதியதை நாம் படித்துவிட்டு வாங்கும்போது, இந்த 15 டிகிரி வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம். விசிறிக்கு மேல் விசிறி மாட்டினாலும் பெட்டிக்குள் காற்று அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது.

இதனால்தான் முகப்பு முக்கியம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, ஓரத்தில் விரல் நுழையாத சந்து மட்டும் விட்ட பெட்டிகள் கடையில் ஜொலிக்கும். மூன்று விசிறி இருந்தும் அவை சந்து வழியாக மூச்சுத் திணறி இழுக்கும். வலை போட்ட முகப்பு கண்ணுக்குச் சாதாரணம். வெயில் ஊர்க்காரர்களுக்கு அதுதான் சரி. இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

'சூடான காற்று மேலே போகும், அதனால் மேலே ஓட்டை வேண்டும்' என்று எல்லோரும் சொல்வார்கள். மேலே போகும், உண்மைதான். ஆனால் எவ்வளவு வேகத்தில்? அரை மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள பெட்டியில், பத்து டிகிரி சூட்டு வித்தியாசம் உண்டாக்கும் மேல்நோக்கிய அழுத்தம் 0.2 பாஸ்கலைக்கூடத் தொடாது. ஒரு சாதாரண விசிறியால் தள்ள முடிகிற உச்ச அழுத்தம் 15 பாஸ்கல் அளவில் இருக்கும். ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. விசிறி ஓடும் பெட்டியில் காற்று விசிறி சொன்ன பக்கம்தான் போகும். கீழே தள்ளினால் கீழேயும் போகும். வெந்நீர் அண்டாவின் பாடத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

1990களின் அமைப்பே தப்பு, காற்றுப்பாதையை மையமாக வைத்துப் புதிதாக வரையலாம் என்று இன்டெல்லே ஒருமுறை முயன்றது. பென்டியம் 4 அடுப்பாகச் சுட்டுக்கொண்டிருந்த காலம். பிடிஎக்ஸ் என்று பெயர் வைத்து, முன்பக்கக் காற்று நேரே பிராசஸரில் மோதி, அப்படியே மற்றவற்றைத் தழுவிப் பின்னால் போகும்படி எல்லாவற்றையும் இடம் மாற்றினார்கள். வடிவமைப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உலகமெங்கும் ஏடிஎக்ஸ் பெட்டிகள் குவிந்திருந்தன, அதற்குள் குறைவாகச் சுடும் சிப்களும் வந்துவிட்டன. 2006இல் கைவிட்டார்கள். நல்ல வரைபடம் ஒன்று, ஏற்கெனவே எல்லோர் வீட்டிலும் இருக்கும் வரைபடத்திடம் தோற்றுப்போனது.

காற்று வந்தால் தூசும் வரும். உள்ளிழுக்கும் விசிறிகள் வெளித்தள்ளும் விசிறிகளைவிடச் சற்று அதிகம் இழுத்தால், பெட்டிக்குள் அழுத்தம் ஓர் இழை கூடுதலாக இருக்கும். சந்து பொந்துகளில் எல்லாம் காற்று வெளியேதான் கசியும். அப்போது தூசு நுழைய ஒரே வழி முன்பக்க வலை. அதில் கழற்றிக் கழுவக்கூடிய தடுப்பு இருந்தால் மாதம் ஒருமுறை குழாயடியில் காட்டினால் முடிந்தது. தலைகீழாக, வெளித்தள்ளுவது அதிகமானால், கழுவ முடியாத ஒவ்வொரு இடுக்கும் தூசு குடிக்கும்.

பக்கக் கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பையனின் கைகள் என் கண்முன்னே அதைத் தரையில் சாய்த்து வைக்கப் போயின, பதறிப்போய்ப் பிடித்தேன். அது டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக ஊதி மேற்பரப்பைச் சட்டென்று குளிர்விப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உட்புறம் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேல்தோலை உள்ளே இழுத்துப் பிடிக்கும். வெளியே அழுந்திய நிலை, உள்ளே இழுபட்ட நிலை. நடுவில் குத்தினால் தாங்கும். ஆனால் விளிம்பில் ஒரு சிறு விரிசல் உள்ளே எட்டிவிட்டால், அடைத்து வைத்த இழுவிசை மொத்தமும் ஒரே நேரத்தில் விடுபட்டு முழுத் தகடும் கற்கண்டாகக் கொட்டும். நம் வீட்டுத் தரையோடு பெரும்பாலும் கண்ணாடியைவிடக் கடினமானது. அதன் மேல் கண்ணாடியின் மூலையை மெல்ல வைத்தாலே போதும். அந்தக் கண்ணாடியைப் பாயில், மெத்தையில், குறைந்தபட்சம் மடித்த லுங்கியில் வைக்க வேண்டும். வெறும் டைல்ஸில் ஒருபோதும் கூடாது.

அந்தப் பதினேழு மில்லிமீட்டருக்கு வருவோம். கடையில் மாற்றித் தர மாட்டார்கள், அட்டையைக் கிழித்தாயிற்று. முன்பக்க பிளாஸ்டிக் முகப்பைப் பிடித்து இழுத்துக் கழற்றினேன். முகப்பு வலைக்கும் இரும்புச் சட்டகத்துக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம். எல்லாப் பெட்டியிலும் இருக்காது, இதில் இருந்தது. மூன்று விசிறிகளையும் சட்டகத்தின் உள்பக்கத்திலிருந்து கழற்றி வெளிப்பக்கத்தில் திருகினோம். காற்றின் திசை மாறவில்லை. முகப்பை மூடியபோது வலைக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு நகக்கண் இடைவெளி. உள்ளே முழு 330ம் திரும்பக் கிடைத்தது. கார்டு இறங்கி 'டக்' என்று பூட்டியது. எட்டு மி.மீ. மிச்சம், அட்டை சொன்ன அதே எட்டு.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "மாமா, எல்லாம் ஓடுது. ஆனா பெட்டிய புறங்கையால தொட்டா சுர்ருனு இருக்கு. போர்டு பழுதா?"

பழுதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன மின்தேக்கிகள் உண்டு. ஃபேஸிலிருந்து பெட்டியின் உடலுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து உடலுக்கு ஒன்று. எர்த் வயர் சரியாக இருந்தால் அவை கசியவிடும் துளி மின்சாரம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டியின் உடல் இரண்டுக்கும் நடுவில், 230இல் பாதியாகச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு ஒரு மில்லியாம்பியர்கூட வராது என்பதால் ஆளைத் தூக்கிப் போடாது. சுர்ரென்று மட்டும் சொல்லும். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நிஜமாகவே ஏதாவது அறுந்து உடலைத் தொட்டால், இதே பெட்டி முழு 230ஐக் கையில் கொடுக்கும்.

"பிளக்கோட மூணாவது பின்னை உடைச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, மூணு பின்னும் இருக்கு. பாயிண்ட்லயும் மூணு ஓட்டை இருக்கு."

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டியபோது மேலே இருந்த பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டி இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது.